ஐயா தண்ணீர் குடித்த இடம்

மூன்றாவது நோட்டீஸையும் ஒட்டியாயிற்று. அப்படியும் அந்த எட்டு தெரிந்தது.

ஐரின் பசைக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்து பார்த்தாள். ஜீவனஹள்ளியில் அவர்கள் சந்து முனையில் நிற்கும் கறுப்புத் தண்ணீர் டாங்க். பக்கத்தில் கம்பிக் கூண்டுக்குள் அதன் மோட்டார் பம்ப். டாங்க் உட்கார்ந்திருக்கும் சிமென்ட் மேடைக்கு வெள்ளையடித்து, நீல பெயின்டில் கார்ப்பரேட்டர் பெயரையும் அதற்குக் கீழே 2018 என்றும் எழுதியிருந்தார்கள். கார்ப்பரேட்டர் பெயரைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. வருஷம்தான் மறைய வேண்டும். வீட்டில் மிஞ்சிக் கிடந்த மாதா திருவிழா நோட்டீஸ்களை அதன்மேல் ஒட்டினாள். தாள் மெலிசு. பசை ஈரத்தில் நீலம் ஊறி எழும்பி வந்தது.

மணி பத்தே முக்கால். பதினொன்றுக்குக் கார் வந்துவிடும்.

"ஏய் ஐரின்! என்னாடி பண்ற அங்க?"

மாடி வராந்தாவிலிருந்து மௌரீன் ஆன்ட்டி. இந்தச் சந்தில் நாற்பது வருஷமாக இருப்பவள். அவள் கண்ணுக்குத் தப்பி இங்கே ஒரு பூனைகூடக் குட்டி போட்டதில்லை.

"ஒண்ணும் இல்ல ஆன்ட்டி. சும்னே, சும்மாதான்."

"திருவிழா முடிஞ்சு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. இப்ப எந்த மாதாவுக்குடி நோட்டீஸ் ஒட்டுற?"

"டாங்க் பாக்க நல்லா இல்ல ஆன்ட்டி, அதான்."

"பார்றா! படுத்த பெட்ஷீட்ட மடிக்க மாட்டா, ஊர் டாங்குக்கு மேக்கப் போடுறா."

ஐரினுக்குத் திடீரென்று ஒரு நப்பாசை. "ஆன்ட்டி, இந்த டாங்க் வர்றதுக்கு முன்னாடி இங்க என்ன இருந்துச்சு? பழைய பம்ப் ஏதாச்சும்?"

"பம்பா? குப்பைத்தொட்டிடி. மாடு நாலு நிக்கும், நாய் ஆறு நிக்கும். லாரித் தண்ணிக்கு ரோடு வரைக்கும் குடம் தூக்கியே என் முட்டி போச்சு. பம்பாம்!"

ஐரின் பசைக் கிண்ணத்தை மறுபடி எடுத்தாள். இராஜமாணிக்கம் ஐயா இறந்தது 2015-ல். அவர் இந்த இடத்தில் முழங்காலிட்டு பம்பைச் சரி செய்து, அவள் அம்மா கையால் தண்ணீர் வாங்கிக் குடித்ததாக, எட்டு நாளைக்கு முன் ஒரு ஹால் நிறைய ஆட்கள் முன்னால் அவள் சொல்லியிருந்தாள். இதோ இப்போது ஐயாவின் மனைவி அந்த இடத்தைப் பார்க்க வருகிறார். அவர் குப்பைத்தொட்டியில்தான் முழங்காலிட்டிருக்க வேண்டும்.

நான்காவது நோட்டீஸை எடுத்தாள்.

இராஜமாணிக்கம் என்றால் ஒரு காலத்தில் பெங்களூரில் எல்லாருக்கும் தெரியும். பத்திரிகைகள் அவரைப் பம்ப் ராஜா என்று எழுதின. சந்தாபுராவில் ஒரு தகரக் கொட்டகையில் ஆரம்பித்து மூன்று ஃபேக்டரி கட்டியவர். அவர் போன அன்று ஓசூர் ரோடு முழுக்கக் கண்ணீர் அஞ்சலி பேனர்கள் என்று சொல்வார்கள். இப்போது வேறு யாரோ கம்பெனியை நடத்துகிறார்கள். போர்டில் அவர் முழுப்பெயர் போய் ஆர்.எம். என்று இரண்டு எழுத்து மட்டும் மிச்சம். அவர் பெயர் வைத்த சர்க்கிளை ஆட்டோக்காரர்கள் பக்கத்திலிருக்கும் பேக்கரி பெயரால் சொல்கிறார்கள்.

அவர் பெயரில் ஒரு டிரஸ்ட் இருக்கிறது. ஐரின் எட்டாம் வகுப்பிலிருந்து இப்போது பி.யு. இரண்டாம் வருஷம், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, வரை படிப்பது அந்த டிரஸ்டின் உதவியில்தான். அதற்கு ஒரே ஒரு வழக்கம். வருஷாவருஷம் அக்டோபரில் ஐயா நினைவு நாளன்று, உதவி பெறும் பிள்ளைகள் ஒவ்வொருவராக மேடையேறி, ஐயாவைப் பற்றித் தன் வாயால் ஒரு நினைவு சொல்ல வேண்டும்.

அவரைப் பார்த்தே இராத பிள்ளைகளுக்கு என்ன நினைவு இருக்கும்? அதனால் டிரஸ்டே ஒரு கார்டு அடித்துக் கொடுத்துவிடும். அதில் ஏழு நிகழ்ச்சிகள். ஐயா சைக்கிள் கேரியரில் பம்பைக் கட்டிக்கொண்டு ஆனேக்கல் வரை போனது ஒன்றாம் நம்பர். நட்ட நடு ராத்திரியில் ஒரு விவசாயியின் வயலுக்கே போய் மோட்டார் மாற்றிக் கொடுத்தது நாலாம் நம்பர். பிள்ளைகள் தங்களுக்குள் நம்பர் பிரித்துக்கொள்வார்கள்.

இந்த வருஷம் ஐரினுக்கு நாலாம் நம்பர்.

வைட்ஃபீல்டில் கம்பெனி ஆபீஸ் ஹாலில் நூறு நாற்காலி போட்டிருந்தார்கள். பாதிக்கு மேல் காலி. வாசலில் மாலை போட்டு வைத்திருந்த படத்தைக் காட்டி செக்யூரிட்டி நாகேஷ், "யாரு மேடம் இவரு, பில்டிங் ஓனரா?" என்று டிரஸ்ட் ஆபீசர் தர்ஷினியிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நாகேஷ், உங்க சட்டையில இருக்கற ஆர்.எம். இவருதான்," என்றாள் தர்ஷினி. பிறகு ஐரின் பக்கம் திரும்பி மெல்லச் சொன்னாள். "மொத வருஷம் மினிஸ்டர் வந்தாராம்மா. ரெண்டாவது வருஷம் மினிஸ்டரோட பி.ஏ. இப்ப நான் கேன்டீன்லருந்து ஆள் கூட்டிட்டு வந்து உக்கார வச்சிருக்கேன். அதுவும் பஃப்ஸ் தர்றேன்னு சொல்லி. அடுத்த வருஷத்துலருந்து இதுவும் கெடையாது. ஸ்டேட்டஸ்ல ஒரு போட்டோவோட சரின்னு மேலருந்து சொல்லிட்டாங்க. அம்மாவுக்கு இன்னும் தெரியாது, வாய விட்றாத."

முன்வரிசையில் அந்த அம்மா தனியாக உட்கார்ந்திருந்தார். ஐயாவின் மனைவி அன்னம்மாள். எண்பது வயது இருக்கும். மடியில் கைப்பை, அதன்மேல் இரண்டு கை. பிள்ளைகள் பேசும்போது அவர் உதடுகளும் கூடவே அசைந்தன. பத்து வருஷமாகக் கேட்ட அதே ஏழு.

ஐரினுக்கு முன்னால் ஏறியவன் ஹரிஷ்குமார். அவனுக்கு இரண்டாம் நம்பர். மைக்கைப் பிடித்தவுடன் அவன் காது சிவந்தது. "ஒரு நாள் ராத்திரி... நட்ட நடு ராத்திரி... ஒரு விவசாயி..." என்று ஆரம்பித்தான்.

அது ஐரினின் நாலாம் நம்பர். இறங்கி வந்தவனைப் படிக்கட்டிலேயே பிடித்தாள். "டேய், நாலு என்னோடதுடா!"

"சாரி ஐரின். ரெண்டு மறந்து போச்சு. வாயில நாலுதான் வந்துச்சு. நீ ரெண்ட சொல்லிடேன்."

"இப்ப போய் ரெண்டு எனக்கு எங்கடா ஞாபகம் வரும்?"

"கேன்டீன்... ஏதோ கேன்டீன்..."

அதற்குள் அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மைக் முன்னால் போய் நின்றாள். கேன்டீன் ஆட்கள் போனை நோண்டிக்கொண்டிருந்தார்கள். அன்னம்மாளின் உதடுகள் அடுத்ததற்குத் தயாராகக் காத்திருந்தன. ஐரின் வாயைத் திறந்தாள். அவளுக்கே தெரியாத ஒன்று வந்தது.

"நான் ஐயாவப் பார்த்திருக்கேன்."

அந்த உதடுகள் நின்றன.

அப்புறம் நிறுத்த முடியவில்லை. அவள் இரண்டாம் வகுப்பு படித்தபோது, தசரா லீவில், அவர்கள் சந்துத் தண்ணீர் பம்ப் கெட்டுப்போயிருந்தது. எல்லாரும் குடத்தோடு நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு தாத்தா வந்து இறங்கினார். எதில் வந்தார் என்று சொல்ல வேண்டும். அவர்கள் சந்தில் கார் நுழையாது. அதனால் ஆட்டோவில் என்றாள். பம்ப் பக்கத்தில் எப்போதும் சேறுதான். அதனால் சேற்றில் முழங்காலிட்டார் என்றாள். ஸ்பேனர் கேட்டார், பம்ப் ஓடியது, கை கழுவினார், மம்மி தண்ணீர் கொடுத்தார்கள், குடித்தார், பெயர்கூடச் சொல்லாமல் போய்விட்டார். பேப்பரில் படம் வந்த பிறகுதான் யாரென்று தெரிந்தது.

நோண்டிக்கொண்டிருந்த போன்கள் கீழே இறங்கின. அப்புறம் கை தட்டினார்கள். கேன்டீன் ஆட்கள்கூட. நாகேஷ் வாசலிலிருந்து உள்ளே எட்டிப் பார்த்துத் தட்டினார்.

அந்தக் கைதட்டல் அவளுக்குப் பிடித்திருந்தது. எட்டு நாளாக அவளைத் தின்றுகொண்டிருப்பது அதுதான். பயம் அதற்கு அப்புறம்தான் வந்தது.

கீழே இறங்கியதும் அன்னம்மாள் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். கை குளிர்ந்திருந்தது. "ஆட்டோவுலயா வந்தாரு?"

"ஆமாம்மா."

"சேறு இருந்துச்சா? காலெல்லாம்?"

"...ஆமாம்மா."

இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்றுகூட அவர் கேட்கவில்லை. அவள் கையை விடவும் இல்லை. தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றபோதும் பிடித்துக்கொண்டே நின்றார்.

மூன்று நாள் கழித்து தர்ஷினி, ஐரினின் அம்மா பிரிஸில்லாவுக்குப் போன் செய்தாள். பிரிஸில்லா காக்ஸ் டவுனில் நர்சரி டீச்சர். ஐரினுக்கு ஒன்பது வயதில் ஒரு துண்டு கேக்கைத் தின்றுவிட்டு இல்லை என்று சொன்னதற்கு, ஃபாதரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குக் கோயிலில் வரிசையில் நிற்க வைத்தவள்.

"எந்தத் தண்ணி? எந்த ஐயா?" பிரிஸில்லா போனை வைத்துவிட்டுச் சமையல்கட்டு வாசலிலேயே நின்றாள். "அந்த அம்மா ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டுக்கு வர்றாங்களாம். என் கையால தண்ணி வாங்கிக் குடிக்கணுமாம். ஐரின், என்னாது இது?"

ஐரின் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா அடிப்பாள் என்று எதிர்பார்த்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"செத்துப்போனவர் பேர்ல பொய் சொல்லியிருக்க," என்றாள் பிரிஸில்லா. "அவரு வந்து இல்லன்னா சொல்லப் போறாரு?"

"மம்மி, படிப்பு நின்னுடும் மம்மி."

"நிக்கட்டும். அவங்க வந்து உக்கார்றதுக்கு முன்னாடி நீயே சொல்லணும். என் வாயால பொய் வராது, இப்பவே சொல்லிட்டேன்."

சனிக்கிழமை சாயங்காலம் ஐரின் கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றாள். முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது யோசித்தாள். ஃபாதரும் இதைத்தான் சொல்வார், போய் அந்த அம்மாவிடம் சொல் என்று. வரிசையிலிருந்து நழுவி வெளியே வந்துவிட்டாள். ஞாயிறு காலை பூசை முடிந்து வந்ததும் முதல் வேலையாக மைதாவில் பசை காய்ச்சினாள்.

இதோ, கார் ஹாரன்.

வெள்ளைக் கார் சந்து முனையிலேயே நின்றுவிட்டது. நுழையாது. டிரைவர் கதவைத் திறக்க, அன்னம்மாள் இறங்கினார். தலையில் மல்லிகைச் சரம் இல்லை. ஆனால் கையில் ஒரு முழம் மல்லிகை வைத்திருந்தார், வாழையிலையில் சுற்றி.

பிரிஸில்லா வீட்டு வாசலிலிருந்து வேகமாக வந்தாள். கோயிலுக்குக் கட்டிய புடவையை இன்னும் மாற்றவில்லை. மகளை ஒரு பார்வை பார்த்தாள். சொல், என்றது அந்தப் பார்வை.

"வாங்கம்மா. வீட்டுக்கு வாங்க."

"இருக்கட்டும்மா. மொதல்ல இது." அன்னம்மாள் டாங்கைப் பார்த்தார், கம்பிக் கூண்டைப் பார்த்தார். "இதுவா?"

ஐரின் சட்டென்று நோட்டீஸ்களுக்கு முன்னால் போய் முதுகைச் சாய்த்து நின்றாள். ஈரப் பசை சுடிதாரில் ஊறி முதுகில் ஜில்லென்று ஒட்டியது.

"அம்மா," என்றாள். "நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லலாம் கண்ணு, இரு." அவர் குனிந்து மல்லிகையைக் கூண்டின் காலடியில் வைத்தார். நிமிர்வதற்கு பிரிஸில்லா கை கொடுத்தாள். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே அன்னம்மாள் பேசினார். "அந்தக் கார்டுல இருக்கற ஏழும் பத்திரிகைக்காரன் எழுதினது. அந்த விவசாயி கதை நடக்கவே இல்ல. பத்து வருஷமா கேக்கறேன். பசங்க சொல்லச் சொல்ல, அவரு முகமே எனக்கு மங்கிப் போச்சு. ஹாலுக்கு வர்றவங்களும் கொறஞ்சிட்டாங்க. அடுத்த வருஷம் கூட்டம் கெடையாதாமே? அந்த தர்ஷினி பொண்ணு சொல்லல. ஆனா எனக்குத் தெரியும். ஒரு மனுஷனுக்குப் பத்து வருஷம்தான் போல. போகட்டும்."

"அம்மா, அது வந்து..."

"உன்னோடது ஒண்ணுதான் நெஜம் கண்ணு."

ஐரின் முதுகை நோட்டீஸ்களின் மேல் இன்னும் அழுத்தினாள்.

"அவரு போறதுக்குப் பன்னெண்டு நாள் முந்தி," என்றார் அன்னம்மாள், இப்போது பிரிஸில்லாவிடம். "கார வேணாம்னு சொல்லிட்டு வாசல்ல போன ஆட்டோவக் கைதட்டி நிறுத்தி ஏறிப் போனாரு. டிரைவர்கிட்டயும் சொல்லல. யார்கிட்டயும் சொல்லல. வெளக்கு வச்சப்புறம் வந்தாரு, காலெல்லாம் சேறு. எங்க போனீங்கன்னு கேட்டேன். சும்மா-ன்னாரு. சந்தாபுராவுல ஒருத்தி இருந்தாம்மா. கொட்டகை காலத்துலருந்து. எனக்குத் தெரியும்னு அவருக்கும் தெரியும். நான் அவளதான் நெனச்சேன். அன்னையிலருந்து அவரோட நான் பேசல. பதினோரு நாள். காப்பி கொண்டு போய் வப்பேன், பேச மாட்டேன். அவரும் ஒண்ணும் சொல்லல. பன்னெண்டாம் நாள் காலையில எழுப்பப் போனேன்."

மேலே மௌரீன் ஆன்ட்டி கைப்பிடிச் சுவரில் இரண்டு முழங்கையையும் ஊன்றியிருந்தாள். "யாரு பிரிஸில்லா, பம்ப் ராஜா வீட்டம்மாவா? அவரா? இங்கயா வந்தாரு? இந்த டாங்கே..."

"ஆன்ட்டி!" பிரிஸில்லாவின் குரல் நர்சரி வகுப்புக் குரல். "குக்கர் விசில் வருது பாருங்க, அடி புடிச்சிடும்."

"நா இன்னைக்கு குக்கரே வக்கலையே..." என்றபடி மௌரீன் ஆன்ட்டி கீழே மூன்று பேர் முகத்தையும் பார்த்தாள். என்ன புரிந்ததோ, உள்ளே போய்விட்டாள்.

இப்போது சொல்லிவிட வேண்டும். ஐரின் அம்மாவைப் பார்த்தாள். அம்மா அவளைப் பார்க்கவில்லை. அந்த வயதான கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், தன் கைக்குள் இருந்த அந்தச் சுருக்கம் விழுந்த கையை.

"ரெண்டு டம்ளர் குடிச்சாரும்மா," என்றாள் பிரிஸில்லா.

பொய். மம்மியின் வாயிலிருந்து.

"ஒண்ணு குடிச்சிட்டு, இன்னொண்ணு கேட்டாரு. எவர்சில்வர் டம்ளர். இருங்க, கொண்டு வர்றேன்."

அம்மா போனாள், வந்தாள். கையில் அவர்கள் வீட்டில் இருந்த ஒரே பழைய டம்ளர், அடியில் நசுங்கியது. ஐரின் பல் தேய்க்கத் தண்ணீர் எடுத்துக்கொள்வது. தேய்த்துக் கழுவிப் பளபளவென்று இருந்தது. பிரிஸில்லா அதை நீட்டியபோது அவள் கழுத்துச் சிலுவை முந்தானைக்குள் போயிருந்தது. தானாகப் போயிற்றா, அவள்தான் உள்ளே தள்ளிவிட்டுக்கொண்டாளா, ஐரினுக்குத் தெரியவில்லை.

அன்னம்மாள் அண்ணாந்து குடிக்கவில்லை. வாய் வைத்து, மெதுவாக, கடைசிச் சொட்டு வரை குடித்தார். டம்ளரைத் திருப்பித் தரும்போது அவர் முகம் வேறு முகமாக இருந்தது. யாரோ கட்டியிருந்த கட்டை அவிழ்த்துவிட்ட மாதிரி.

அவருக்கு எப்படியோ நல்லதுதான் நடந்திருக்கிறது என்று ஐரின் தனக்குள் சொல்லிப் பார்த்தாள். அது உள்ளே இறங்கவில்லை. கேக்கைத் தின்றதற்கு வரிசையில் நிற்க வைத்த அம்மா, இப்போது மகளுக்காகவோ இந்தக் கிழவிக்காகவோ, பூசை முடிந்த ஒன்றரை மணி நேரத்தில் பொய் சொல்லிவிட்டுக் காலி டம்ளரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இனிமேல் இது ஐரின் ஒருத்தியின் பொய் இல்லை. முதுகில் பசை காயத் தொடங்கித் தோலை இழுத்தது. அசைந்தால் தாள் கிழியும். கிழிந்தால் வருஷம் தெரியும்.

அன்னம்மாள் கிளம்பத் திரும்பினார். டிரைவர் கதவைத் திறந்தான். ஒரு காலை உள்ளே வைத்தவர் நின்றுவிட்டார்.

"கண்ணு."

"அம்மா?"

"அவரு வீட்ட விட்டுப் போனது பதினோரு மணிக்கு. இங்க பம்பு பாத்து, தண்ணி குடிச்சு, எல்லாம் சேத்தா ஒரு மணி நேரம் ஆகியிருக்குமா?"

"...இருக்கும்மா."

"வந்தது வெளக்கு வச்சப்புறம்."

அவர் சந்து முனையைப் பார்த்தார். அங்கே இரண்டு வழி. இடது பக்கம் போனால் குக் டவுன், பத்து நிமிஷத்தில் அவர் வீடு. வலது பக்கம் போனால் பெரிய ரோடு. அதைப் பிடித்தால் எங்கே வேண்டுமானாலும் போகலாம், சந்தாபுராவுக்கும். பிரிஸில்லாவும் அந்த முனையைத்தான் பார்த்தாள். காலி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அன்னம்மாள் ஐரினின் முகத்தில் கண்ணை வைத்து, ஏழாம் வகுப்புப் பிள்ளை பரீட்சை ரிசல்ட் கேட்பது போல, பயந்த குரலில் கேட்டார்.

"சின்னப் பொண்ணுதான் நீ அப்ப. ஆனாலும் பாத்திருப்பல்ல? திரும்பி ஆட்டோவுல ஏறினாரே கண்ணு... அந்த ஆட்டோ எந்தப் பக்கம் போச்சு?"